டிக் சத்தமும் ஒரு சாண் சரிகையும்

காரின் சாவியைத் திருப்புகிறீர்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து அத்தோடு நின்றுவிடுகிறது. உடனே பேட்டரியை மாற்று என்று சொல்ல ஒரு மெக்கானிக் எதற்கு? பேட்டரி விற்கிறவரே போதுமே.

இப்படிச் சொன்னால் பாபுவுக்கு முகம் சுருங்கிப்போகும். பாபு என் தொழிலுக்கு எனக்குப் பிறகு வந்தவர். இன்று காஞ்சிபுரத்தில் சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீட்டுக் கார் டிக் என்று நின்றபோது, கையில் ஒரு கருவியோடு வந்து வண்டியில் மாட்டினார். அது வரிசையாக எண்களைக் காட்டியது. அவர் அதைப் படித்து முடிப்பதாகத் தெரியவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்துபோய், "பாபு, அத அப்புறம் படிப்பா. மொதல்ல ஹெட்லைட்ட போட்டு சாவியத் திருப்பு" என்றேன். விளக்கு பொசுக்கென்று அணைந்தது. பேட்டரியின் முனையில் இருந்த கவ்வி தளர்ந்திருந்தது. அதைச் சுரண்டி முறுக்கினோம். வண்டி கிளம்பியது. மாப்பிள்ளையின் தகப்பனார் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். பாபுவுக்குப் போடவில்லை.

"இதெல்லாம் எழுதிக் குடுங்கண்ணே, எங்க சங்கத்துல படிச்சுக் காட்டுறேன்" என்று பாபு கேட்டதால் எழுதுகிறேன். எழுதச் சொன்னது அவர், பெருமை அடித்துக்கொள்வது நான். எண்பதை நெருங்குகிற மனுஷனுக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி?

என் பெயர் ஏகாம்பரம். நெசவுக் குடும்பம். என் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தறியில் உட்காரப் பிடிக்கும். எனக்கு ஒரு மணி நேரம் தறிக் குழிக்குள் காலை விட்டால் தலை சுற்றும். பதினாறு வயதில் மெட்ராசுக்குப் போய் ஒரு பேட்டரிக் கடையில் மூன்று வருஷம் ஆசிட் சுமந்தேன். வேட்டி சட்டையெல்லாம் ஓட்டை. மின்சாரம் ஒரு வட்டம் என்பதை மட்டும் அங்கே நன்றாகக் கற்றுக்கொண்டேன். பேட்டரியிலிருந்து கிளம்பி வேலையைச் செய்துவிட்டு அது பேட்டரிக்கே திரும்பி வர வேண்டும். போகிற வழி சரியாக இருந்து திரும்புகிற வழி கெட்டாலும் வண்டி நிற்கும். இந்த ஒரு வரி என் வாழ்நாள் முழுவதும் சோறு போட்டது.

அறுபதுகளின் நடுவில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். அதை நடத்தியவர் ராஜேஸ்வரி அம்மா. கணவர் இறந்ததும் எல்லோரும் விற்றுவிடச் சொன்னார்களாம். அந்த அம்மா மறுநாளே வாசல் பக்கம் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்பானரைத் தொட்டவர் இல்லை. ஆனால் வண்டி உள்ளே வரும்போதே சத்தத்தைக் கேட்டு, கோளாறு உள்ள பக்கம் முகத்தைத் திருப்புவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் போய்விடுவோம்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. வண்டியிலிருந்து கழற்றிய எந்தப் பொருளையும் மேஜைமேல் இருக்கும் தகரத் தட்டில் வைத்து, வண்டிக்காரர் கண்ணுக்குக் காட்ட வேண்டும். கெட்டது எது, எங்கே கெட்டது, எதனால் கெட்டது என்று வேலை செய்தவன் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அது பழைய சாமான் சாக்குக்குப் போகும். தட்டில் ஒன்றும் வரவில்லையென்றால் வண்டியில் ஒன்றும் மாற்றவில்லை என்று அர்த்தம். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அதனாலேயே எங்களிடம் வண்டிகள் வந்தன.

நான் வைத்த சட்டமும் ஒன்று உண்டு. டிக் வண்டி வந்தால் பானட்டைத் திறக்க மாட்டேன். வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தச் சொல்வேன். அப்போதெல்லாம் நிறைய வண்டிகளில் சாவி தனி, பொத்தான் தனி. நான் பார்ப்பது சுவரில் விழும் வெளிச்சத்தை. டிக் சத்தத்தோடு வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி பலவீனம், அல்லது அதன் முனைகளில் அழுக்கு. கொஞ்சம் மங்கி அப்படியே நின்றால், என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. கியரைப் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். வெளிச்சம் அசையவே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாருக்குள் நுழையவே இல்லை, வட்டம் எங்கோ அறுந்திருக்கிறது. இந்த மூன்றையும் பார்க்க அரை நிமிஷம் போதும். எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் பிரசவம் பார்க்கப் போகும் அவசரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சுவரைப் பார்த்தேன். பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சை உப்பின்மேல் ஒரு சொம்பு வெந்நீரை ஊற்றிச் சுரண்டினேன். அவர் குழந்தை பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

இனி, நான் தரைக்கு வந்த கதை.

பட்டுக்கடை வைத்திருந்த வரதராஜுலு எங்கள் வாடிக்கைக்காரர். அவரிடம் ஒரு கறுப்புக் கார். வெளியூரிலிருந்து கூறைப்புடவை எடுக்க வருகிறவர்களை ரயிலடியிலிருந்து கடைக்கு அழைத்து வருவதற்காகவே வைத்திருந்தார். அதை ஓட்டியவர் முனுசாமி. ஐயம்பேட்டையில் விவசாயக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது பெரியவர். வண்டியைத் தன் வீட்டு மாட்டைப் போலத் துடைத்துத் தட்டி வைத்திருப்பார்.

ஒரு வைகாசியில் அந்த வண்டிக்குக் கிளட்ச் வேலை. கழற்றும்போது எர்த் பட்டை என் கையிலேயே அறுந்து வந்தது. என்ஜினையும் வண்டியின் உடம்பையும் இணைக்கும் பின்னல் பட்டை அது. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிற வழி அதுதான். அதைத் தட்டில் வைத்துக் காட்டினேன். மெட்ராசிலிருந்து புதிது வர இரண்டு நாளாகும். வரதராஜுலுவுக்கோ மறுநாள் காலை முகூர்த்தக்காரர்கள் வருகிறார்கள்.

"நான் பண்ணித் தர்றேம்மா" என்றேன்.

செம்புக் கம்பியில் பின்னியிருக்கலாம். ஒர்க் ஷாப்பில் பழைய கம்பி இருந்தது. எனக்குத்தான் புத்தி வேறு பக்கம் போயிற்று. செம்பைவிட வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்று மெட்ராசில் படித்திருந்தேன். எங்கள் வீட்டில் வெள்ளி இருந்தது. தறியில் மிஞ்சுகிற சரிகைத் துண்டுகளை அப்பா ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு பிடி அள்ளினேன். நூறு நூறு இழையாகச் சேர்த்து, எங்கள் வீட்டுப் பெண்கள் ஜடை பின்னுவதைவிட நெருக்கமாகப் பின்னி, இரண்டு முனையிலும் செம்பு வளையம் வைத்து நசுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. இப்படி ஒரு பட்டை இந்தியாவில் எந்தக் காரிலும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அது மட்டும் நிஜம்.

எதில் பின்னியது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது. முனுசாமி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "நெசவுக்காரன் கைன்னா சும்மாவா" என்றார். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஆடியில் டிக் ஆரம்பித்தது. பேட்டரி இறங்கியிருந்தது. சார்ஜ் ஏற்றி அனுப்பினேன். பத்து நாளில் மறுபடியும் வந்தது. வரதராஜுலு புது பேட்டரி வாங்கிப் போட்டார். மூன்று வாரத்தில் அதுவும் இறங்கியது. நடுவில் பல நாள் முனுசாமி முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றித்தான் வண்டியை எழுப்பினார். ஒருநாள் ஹேண்டில் எதிர்த்து அடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. பட்டுப் புடவை எடுக்க வந்த சம்பந்திகள் நடுத்தெருவில் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள்.

வரதராஜுலு கடையிலிருந்து நேராக என்னிடம் வந்தார். "ஏகாம்பரம், புது பேட்டரி இப்டி எறங்குமா?"

"எறங்காதுங்க."

"வயரிங்ல எதுனா?"

"என் வயரிங்ல ஒண்ணும் இருக்காதுங்க. வெளிய யாராவது கரண்ட் எடுத்தா தான் இப்டி எறங்கும்."

வண்டியைத் திறந்து பார்க்காமல், சுவரில் வெளிச்சத்தைப் பார்க்காமல் இதைச் சொன்னேன். நான் கை வைத்த வண்டியில் கோளாறு இருக்காது என்கிற திமிர். அதை வேறு பெயரில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அந்த ஒரு பேச்சு முனுசாமியின் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் கரண்ட் வராத ஊர்களில் கார் பேட்டரியில் ரேடியோ பாட வைப்பார்கள். முனுசாமி அந்த ஆனியில்தான் ரேடியோ வாங்கியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வண்டியோடு ஐயம்பேட்டைக்குப் போவதும் உண்டு. வரதராஜுலு இரண்டையும் முடிச்சுப் போட்டார். சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை கறுப்புக் கார் ஒர்க் ஷாப்புக்கு வந்தது. வீங்கிய கையோடு ஹேண்டில் போட்டுக் கிளப்பி முனுசாமிதான் ஓட்டி வந்தார். பின் சீட்டில் வரதராஜுலு. இறங்கியதும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ராஜேஸ்வரியம்மா, கார முழுசா பாக்கச் சொல்லுங்க. கெட்டது எதுவோ அது இந்தத் தட்டுக்கு வரணும். வரலன்னா கார்ல கோளாறு இல்லன்னு எடுத்துக்கறேன். வாலாஜாபாத்துலருந்து வேற டிரைவருக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். முனுசாமி தூணோரம் நின்றார். வேலை போனால்கூட வேறு வேலை கிடைக்கும். மின்சாரம் திருடியவன் என்ற பெயரோடு காஞ்சிபுரத்தில் யார் சாவியைக் கொடுப்பார்கள்?

முழு சார்ஜ் ஏற்றிய எங்கள் பேட்டரியை மாட்டி, வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, விளக்கைப் போட்டேன். பொத்தானை அழுத்தினேன். டிக். சுவரில் வெளிச்சம் இமைக்கக்கூட இல்லை. பேட்டரியில் பலம் இருந்தும் வட்டம் அறுந்திருக்கிறது. அப்படியானால் நான் சொன்னது பொய்.

ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மேடையில் வைத்து நேராகக் கரண்ட் கொடுத்தேன். பம்பரமாகச் சுற்றியது. மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்சைப் பிரித்தேன், டிக் என்பது அதன் சத்தம்தான். உள்ளே செம்பு முனைகள் சுத்தமாக இருந்தன. எல்லாவற்றையும் மாட்டி மறுபடி அழுத்தினேன். டிக். வரதராஜுலு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

தூணோரத்திலிருந்து முனுசாமி மெதுவாகச் சொன்னார். "அழுத்தும்போது முடி கருகுற மாரி ஒரு வாசன வருதுபா. ஒரு மாசமா வந்துக்கினு இருக்குது. மொதலாளிகிட்ட சொன்னேன்."

"பட்டுக்கடை வண்டில பட்டு கருகுற வாசன வராம மல்லிப்பூவா வரும்?" என்றார் வரதராஜுலு.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் அது தினசரி வாசனை. பட்டு அசல்தானா என்று காட்டக் கடைக்காரர் ஒரு இழையைக் கொளுத்துவார். முடி கருகுவதுபோல வாசம் வந்தால் அசல் பட்டு. அந்த வாசனையை யாரும் கண்டுகொள்வதில்லை. நானும் பானட்டுக்குள் தலையை விட்டிருந்த நேரமெல்லாம் அது என் மூக்கில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பிறந்ததிலிருந்து பழகிய வாசனை என்பதால் அதை ஒரு வாசனையாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

முனுசாமியை உள்ளே உட்கார்ந்து அழுத்தச் சொன்னேன். பக்கத்தில் குனிந்து, குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப இழுக்கிற சோக் குமிழைப் பிடித்தேன். நாலாவது அழுத்தில் குமிழ் சுட்டது. சோக் கம்பியில் மின்சாரம் ஓட வேண்டிய வேலையே இல்லை. தன் வழி அடைபட்டதால், என்ஜினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பக் கிடைத்த ஒல்லிக் கம்பியில் அது ஏறியிருக்கிறது. வண்டிக்கு அடியில் போவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மல்லாந்து படுத்தபடி என் பின்னலை விரலால் நெருடினேன். கரி உதிர்ந்தது. சரிகை வெளியே மட்டும்தான் வெள்ளி. உள்ளே சிவப்புப் பட்டு நூல். எங்கள் தெருவில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும் அது. வெள்ளித் தகடு காகிதத்தைவிட மெல்லிசு. ஒவ்வொரு அழுத்திலும் சூடேறி, உள்ளே பட்டு கருகி, வெள்ளி இழை இழையாக விட்டுப்போயிருக்கிறது. என்ஜின் ஓடும்போது டைனமோ அனுப்பும் சார்ஜும் அதே வழியாகத்தான் பேட்டரிக்குப் போக வேண்டும். அதனால்தான் புது பேட்டரியும் பட்டினி கிடந்தது. ரேடியோவும் இல்லை, கீடியோவும் இல்லை.

வண்டிக்கு அடியில் இருந்தபடியே சுவரைப் பார்த்தேன். வைகாசியிலேயே மெட்ராசிலிருந்து வந்தும் மாட்டாமல் விட்ட புது எர்த் பட்டை அங்கே தொங்கியது. அதை மாட்டிவிட்டு, பழைய சாமான் சாக்கிலிருந்து ஒரு ஸ்விட்சை எடுத்துத் தட்டில் வைக்கலாம். முனுசாமிக்கு வேலை தப்பும், எனக்கு மானம் தப்பும். ஒரு கணம் மனசு சாக்குப் பக்கம் போனது. ஆனால் ஸ்விட்ச் கெட்டால் பேட்டரி இறங்காது. வரதராஜுலு முட்டாள் இல்லை. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு அவருக்கு அது தோன்றும். கரண்ட் எடுத்தவன் என்ற பெயர் முனுசாமிமேல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். டிக் சத்தத்துக்கும் இறங்கிய பேட்டரிக்கும் சேர்த்துப் பதில் சொல்லக்கூடியது என் கையில் இருந்த அந்தக் கரிப் பின்னல் ஒன்றுதான்.

அதைக் கழற்றிக் கொண்டுவந்து தட்டில் வைத்தேன்.

"எர்த் பட்டை. கருகிப்போச்சு. நான் பின்னுனது. சரிகைல பின்னுனேன். வண்டி நின்னதுக்கும் இதான், பேட்டரி எறங்குனதுக்கும் இதான். முனுசாமிண்ணன் மேல தப்பு இல்ல. கரண்ட் எடுத்தாங்கன்னு நான் பாக்காம சொல்லிட்டேன்."

ராஜேஸ்வரி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

வரதராஜுலு பின்னலைத் தூக்கிப் பார்த்தார். கருகாத ஒரு இழையை உருவி நகத்தால் உரசினார். கடையில் வாடிக்கைக்காரர் முன்னால் செய்வதுபோலவே ஒரு தீக்குச்சியைக் கிழித்து இழையின் நுனியில் வைத்தார். சின்னதாகப் புகை வந்தது. அந்த வாசனை மேஜையைச் சுற்றி நின்ற எல்லோர் மூக்கிலும் ஏறியது.

"இதே தான்" என்றார் முனுசாமி.

வரதராஜுலு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். முனுசாமியின் கையில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லையோ, கூச்சமோ, தெரியவில்லை. தட்டில், கரிப் பின்னலுக்குப் பக்கத்தில் வைத்தார். "நான் நடந்தே போய்க்கறேன். கட கிட்டத்தான இருக்குது" என்று எழுந்து போய்விட்டார்.

ராஜேஸ்வரி அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கழுவி வெய்ப்பா தட்ட. கரியாயிடுச்சு."

புதுப் பட்டையை மாட்டினேன். முனுசாமி பொத்தானை அழுத்தினார். டிக் சத்தமே கேட்கவில்லை, என்ஜின் சத்தம்தான் கேட்டது. மன்னிப்பு எப்படிக் கேட்பதென்று நான் நின்றுகொண்டிருந்தபோது அவர் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தார்.

"ஏறு. ஐயம்பேட்ட போலாம். எங்கூட்டு ரேடியோ எதுல பாடுதுன்னு வந்து பாரு."

போனேன். வீட்டில் அவர் ரேடியோவைத் திருப்பி வைத்துப் பின்மூடியைக் கழற்றினார். நாலு டார்ச் செல் வரிசையாக இருந்தன. அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் யார் என்று முனுசாமி சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க தானா அது? காருக்கு அடில ஜட பின்னுன மாரி பின்னி மாட்னவரு? வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் அதத்தான் சொல்லிக்கினு இருந்தாரு."

மோரைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் வேலை செய்தேன். லாரி, பஸ், ஊர்வலத்துக்கு விளக்குப் போடும் ஜெனரேட்டர் என்று எதையும் விடவில்லை. சுவரில் வெளிச்சத்தைப் பார்க்காமல் ஒரு வண்டியைப் பற்றியும் பேசவில்லை, வண்டியைப் பார்க்காமல் ஒரு மனுஷனைப் பற்றியும் பேசவில்லை. இதில் எனக்கு அளவில்லாத பெருமை, மறைக்க மாட்டேன். பாபு, உன் கருவியை நான் குறை சொல்லவில்லை. அதற்கு மூக்கு இல்லை என்பதை மட்டும் மறந்துவிடாதே.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த ஐப்பசியில் கறுப்புக் கார் சாதாரண சர்வீசுக்கு வந்தது. நான் ஒரு மாதமாக நேரம் கிடைத்தபோதெல்லாம் ஒரு பட்டை பின்னி வைத்திருந்தேன். முழுக்கச் செம்புக் கம்பி. தட்டில் வைத்தேன். ராஜேஸ்வரி அம்மா இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வரதராஜுலு, "முனுசாமி சரின்னா போடுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் முனுசாமியைப் பார்த்தேன்.

"கடையில வாங்குனத கழட்டிட்டு இத மாட்டட்டுமாண்ணா?"

முனுசாமி தட்டைத் தன் பக்கம் இழுத்து, பட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"போடு. மொதல்ல ஒரு இழைய உரசிக் காட்டு."

ஒரு இழையைப் பிரித்து அவர் கண்ணெதிரே அரத்தால் உரசினேன். உள்ளே வரைக்கும் செம்பு.